பெரட்டும் மரியாதை வேட்டும்

பெரட்டு என்றால் என்னவென்று தெரியாமல் மலையகத்தில் எவரும் வளர்ந்திருக்க முடியாது. விடியமுன்னமே தோட்டத்தில் தப்பு அடிக்கும். லயத்தில் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, கூடையோடு பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கங்காணி ஆள் எண்ணுவார். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுவார். எந்த மலைக்கு எத்தனை ஆள் என்பதைத் துரை சொல்லுவார். பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். முழுசாக வேலை செய்தவருக்கு முழுப்பேர். ஒரு மனுசருடைய பேரையே இரண்டாக வெட்டலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்?

எங்களில் இரண்டு பேருக்கு இது வீட்டுச் சொல். வன்னியிலிருந்து வந்த எங்கள் பச்மேட், "அதென்னடி பெரட்டு? பிரட்டிறதோ?" என்று கேட்டபோதுதான் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தோம். அது 'பரேட்'. பட்டாளக்காரர் வரிசையில் நிற்கும் அதே பரேட். தோட்டத்து வாயில் புரண்டு புரண்டு பெரட்டு ஆகிவிட்டது. தேயிலை பறிக்கப் போகிற பொம்பளைகள் ஒவ்வொரு விடியலிலும் நின்றது ஓர் அணிவகுப்பில். அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'நாங்கள்' என்று இங்கே எழுதுவது நாலு பேர். இரண்டு பேர் தோட்டத்துப் பிள்ளைகள், ஒருத்தி வன்னி, ஒருவன் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். பேராதனையில் கலைப்பீடம். கலகா சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்த கதையில் பாதியும், நூலகத்தில் தேடியதில் பாதியுமாகச் சேர்ந்ததுதான் இது. துப்பாக்கி, பீரங்கி, பட்டாளச் சடங்கு பற்றி நாங்கள் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கண்டியில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியாது என்பதுதான் பதில்.

முதலில் துரைமாரின் பட்டாளம். 1900ஆம் ஆண்டு தோட்டத் துரைமார் சேர்ந்து ஒரு படையை அமைத்தார்கள். பெயர் சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர். தலைமையகம் இதே கண்டி. வெள்ளைக்காரர் மட்டும்தான் சேரலாம். முழுநேரப் படை இல்லை, தொண்டர் படை. கிழமை நாட்களில் தோட்டம், மற்ற நேரத்தில் காக்கிச் சட்டை, துப்பாக்கிப் பயிற்சி. காலையில் பெரட்டுக்களத்தில் எங்கள் பூட்டன்மாரை வரிசையில் நிறுத்தியவர், அதே கிழமை தான் போய் இன்னொரு வரிசையில் நின்றிருப்பார். எங்களில் ஒருத்தியின் அம்மாச்சிக்கு இப்போது வயது 88. தன்னுடைய அப்பா சொன்னதாக ஒன்றைச் சொல்லுவார்: "தொர பட்டாளத்துக்குப் போற அன்னைக்கு அவரு பூட்ஸத் தொடச்சி வைக்கிறதுக்கே பங்களாவுல தனியா ஒரு ஆளு." அந்த ஆளுக்கு அன்றைக்கு எந்தப் பேர் போட்டார்கள் என்று அம்மாச்சிக்குத் தெரியாது.

'தொண்டர்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழில் அது நாயன்மாருக்குரிய சொல். இலங்கையில் அதற்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. சம்பளமில்லாமல் வருசக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டு வெயிலில் நிற்கிறவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். இந்த இரண்டு தொண்டுக்கும் துரைமாரின் தொண்டுக்கும் ஒரே சொல்தான். ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளைக்காரர் பங்களாக்களில் தனியாக இருக்கும்போது, எல்லார் கையிலும் துவக்கும் அதைச் சுடப் பயிற்சியும் இருப்பது வெறும் தேசபக்தி மட்டும்தான் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் போருக்குப் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 மற்ற வீரர்களும் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். சூயஸ் கால்வாயைக் காத்தார்கள். பிறகு கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலாக நின்றார்கள். அங்கே செத்தவர்களும் உண்டு.

இவர்களுக்கு முந்தியது பீரங்கித் தொண்டர் படை. 1888இல் ஆரம்பித்த சிலோன் ஆர்ட்டிலரி வொலண்டியர்ஸ். பின்னால் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி, இன்றைக்கு இலங்கை இராணுவத்தின் பீரங்கிப் படை. பீரங்கிக்காரருக்கு ஒரு விசித்திரமான மரபு இருக்கிறது. காலாட்படைக்குக் கொடிதான் உயிர். அணிவகுப்பில் கொடி வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பிரிட்டிஷ் வழிவந்த பீரங்கிப் படைகளுக்கு அப்படிக் கொடி கிடையாது. பீரங்கிதான் கொடி. அது கடந்து போகும்போது கொடிக்குச் செய்கிற மரியாதையை அந்த இரும்புக்குச் செய்ய வேண்டும். அதை எதிரி கையில் விடுவது கொடியைப் பறிகொடுப்பது மாதிரி.

அதன் வாயிலிருந்து வருகிற மரியாதை வேட்டுக்கும் ஒரு கதை சொல்லுவார்கள். பழைய கப்பல் துறைமுகத்துக்குள் வரும்போது பீரங்கிகளையெல்லாம் வெடித்துத் தீர்த்துவிடும். என்னிடம் இனி ஒன்றுமில்லை, நான் சண்டைக்கு வரவில்லை என்று காட்டத்தான். வெறும் மருந்து, குண்டு இல்லை. அப்படித் தொடங்கியதைப் பிரிட்டிஷ்காரன் தராசாக மாற்றினான். இந்திய சமஸ்தானங்களுக்கு எத்தனை வேட்டு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். மைசூருக்கு 21, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் 17. மகாராசாக்கள் ஒரு வேட்டுக் கூடுதலாகக் கிடைக்காதா என்று ஏங்கினார்கள். ராசாவுக்கும் அரைப்பேர், முழுப்பேர் இருந்திருக்கிறது என்று எங்கள் கண்டி நண்பன் சொன்னான். சிரித்துவிட்டு அதை எழுதி வைத்துக்கொண்டோம்.

இன்றைக்கும் பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்குக் கொழும்பில் வேட்டு முழங்கும். தமிழ்நாட்டில் ஜெயலலிதா 2016இலும் கருணாநிதி 2018இலும் ராஜாஜி அரங்கத்திலிருந்து மெரீனாவுக்குப் போன ஊர்வலத்தை எங்கள் வீடுகளிலும் டிவிக்கு முன்னால் இருந்துதான் பார்த்தார்கள். 'குண்டுகள் முழங்க' என்று செய்தியில் சொன்னது பீரங்கியை அல்ல, துப்பாக்கிகளை. எந்தத் துவக்கு எந்த வாயிலிருந்து என்றெல்லாம் அப்போது யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

துவக்கு. இந்தச் சொல் எங்கள் நாலு பேருக்கும் பொது. தமிழ்நாட்டில் துப்பாக்கி, இலங்கையில் எங்களுக்குத் துவக்கு. சிங்களத்தில் துவக்குவ. துருக்கியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த ஒரே சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. பீரங்கியும் அப்படித்தான், பறங்கி என்ற சொல்லுக்கு உறவு. ஆயுதங்களுக்கென்று நாங்கள் யாருமே சொந்தமாகப் பெயர் வைக்கவில்லை போல.

கண்டி இராச்சியத்தில் கொடித்துவக்கு என்று ஒன்று இருந்தது. மூன்று காலில் நிற்கும் சின்னப் பீரங்கி. வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறதென்று ஐரோப்பியர் அதற்கு வெட்டுக்கிளித் துவக்கு என்று பெயர் வைத்தார்கள். மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் கொடியும் துவக்கும் சேர்ந்து கேட்கிறது. பீரங்கிதான் கொடி என்று இங்கிலாந்துக்காரன் சொல்வதற்கு முன்னமே இங்கே யாரோ சொல்லிவிட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு குஷி (சொற்பிறப்பியல் படிக்கிறவர்கள் கோபப்படக் கூடாது, இது காதுக் கணக்கு). அதை இயக்குகிற ஆட்களுக்கு ஒரு லேகம் இருந்தது, அதாவது பெயர்ப் பதிவுள்ள ஒரு பிரிவு. காணி கொடுத்து அதற்குப் பதிலாக வேலை வாங்குகிற இராஜகாரிய முறை. இன்றைக்குக் கொடித்துவக்கு என்பது ஒரு சிங்களக் குடும்பப் பெயர். எங்கள் பீடத்திலேயே அந்தப் பெயரில் ஆட்கள் உண்டு. தாங்கள் ஒரு பீரங்கியின் பெயரைச் சுமந்துகொண்டு விரிவுரைக்கு வருகிறோம் என்று அவர்கள் நினைப்பார்களா தெரியாது.

அந்தக் கொடித்துவக்கு ஆட்கள் எசல பெரஹராவில் நடந்தார்கள். பெரஹராவைப் பற்றிய பழைய விவரிப்புகளில் கொடித்துவக்கு லேகமும் அவருடைய ஆட்களும் ஊர்வல வரிசையில் வருகிறார்கள். இப்போது முன்னால் போகிறவர்கள் சாட்டைக்காரர். அவர்கள் சுழற்றி அடிக்கிற சத்தமே துவக்குச் சத்தம் மாதிரித்தான் இருக்கும். பின்னால் தீப்பந்தம், கொடிகள், பிறகு யானையின் மேல் பெரமுன ராள. அவர் கையில் இருப்பது லேகம் மிட்டிய, ஓலைப் பதிவேடு. தலதா மாளிகைக்கு யார் யார் என்ன சேவை செய்ய வேண்டும் என்ற கணக்கு. எங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் அதைக் கேட்டவுடன் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செக்ரோல்! யானையில் ஏற்றிய செக்ரோல். இராஜகாரியத்தை 1830களில் வெள்ளைக்காரன் ஒழித்தான், கோயில் காணிகளில் மட்டும் தொடர விட்டான். அதற்கப்புறம் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டம் பெருகியது, எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தார்கள், புதுப் பதிவேடு தொடங்கியது. பழைய பதிவேட்டில் இருந்தவர்களுக்குக் காணி இருந்தது. எங்களுக்கு லயத்தில் ஒரு காம்பரா.

பெரஹரா புறப்படுகிற நேரத்தைப் பீரங்கி வெடி ஒன்று அறிவிக்கும். போன வருசம் நாங்கள் நாலு பேரும் தலதா வீதியில் நடைபாதையில் பாய் விரித்து மத்தியானத்திலிருந்தே இடம் பிடித்திருந்தோம். கடலை, மாங்காய், பக்கத்தில் குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுடைய சின்னப் பிள்ளை எங்கள் மடியில் ஏறி இருந்தது. இருட்டிய பிறகு வெடி போனது. சனம் முழுக்க "சாது சாது" என்றது. அந்தச் சின்னப் பிள்ளை கை தட்டியது. எங்கள் வன்னிக்காரி குனிந்துவிட்டாள். தலையை முழங்காலுக்குள் வைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி. செல் விழும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுச்சவ்வு போய்விடும் என்று 2009இல் அவளுக்கு அவளுடைய அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அப்போது அவளுக்கு ஆறு வயது. குருநாகல் அம்மா ஒன்றும் கேட்காமல் அவளுடைய முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறோம். ஊர்வலம் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி யானை வரைக்கும் பார்த்தாள். வடிவாத்தான் இருக்கு என்றாள். கதிர்காமத் தேவாலயத்தின் பெரஹராவும் பத்தினி தேவாலயத்தின் பெரஹராவும் போகும்போது, "எங்கட முருகனும் கண்ணகியும்தானே" என்று அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தமிழிலேயே விளக்கினாள்.

ஒரு வேட்டுச் சத்தம் எத்தனை விதமாகக் கேட்கும் என்று அன்றைக்குப் பிறகு நிறையக் கதைத்தோம். லெவ்கே திசாவையின் பீரங்கி பற்றியும் அப்படித்தான் வந்தது. வெண்கலத்தில் வார்த்து, தங்கமும் வெள்ளியும் பதித்து, சிவப்புக் கல் வைத்த குட்டிப் பீரங்கி. 1740களில் லெவ்கே திசாவ கண்டி அரசனுக்குக் கொடுத்த பரிசாகச் சொல்லப்படுவது. அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவர். 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்தது. 2023இல் நெதர்லாந்து அதையும் இன்னும் ஐந்து பொருட்களையும் திருப்பித் தந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். சண்டைக்காகச் செய்யாத, அழகுக்கும் மரியாதைக்கும் மட்டும் செய்த ஒரு பீரங்கி ஊர் திரும்பியது எங்களுக்குச் சந்தோசம்தான். கண்டியிலிருந்து போனது கண்டிக்கு வந்திருக்கலாம் என்பது நண்பனின் வழக்கு. கண்டிக்காரர் அப்படித்தான், கொழும்புக்கு எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அவனுக்கு வேறொரு வழக்கும் இருக்கிறது. 1915. கம்பளையில் பெரஹரா மேளத்தோடு பள்ளிவாசலைக் கடக்கலாமா என்று நீதிமன்றம் வரை போன தகராறு அது. மே 28 வெசாக் இரவில் கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் வெடித்து நாடு முழுக்கப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அடக்குவதற்கு இராணுவச் சட்டம் வந்தது. பஞ்சாபிப் படையோடு ஐரோப்பியத் தொண்டர்களும் துவக்கோடு இறங்கினார்கள், துரைமாரின் படையும் அதில் உண்டு. விசாரணை இல்லாமலே சிங்களவர்களைச் சுட்டார்கள். கொழும்பு டவுன் காட் என்ற தொண்டர் படையில் அதிகாரியாக இருந்த ஹென்றி பெட்ரிஸை ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். தொண்டர் படைச் சீருடை அவரைக் காப்பாற்றவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் இலண்டன் வரைக்கும் போய் இந்தக் கொலைகளுக்கு எதிராக வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். இதுவும் ஒரு மரியாதை வேட்டுத்தான், சத்தமில்லாத வேட்டு. பள்ளிக்கூடத்தில் இந்தக் காட்சியை இன ஒற்றுமைக்கு உதாரணமாகப் படித்தோம். "எங்கட கடைகள் எரிஞ்சதப் பத்தி அந்தப் பாடத்துல எத்தன வரி இருந்துச்சு?" என்று நண்பன் கேட்டான். நாங்கள் மூன்று பேரும் யோசித்துப் பார்த்தோம். ஞாபகம் வரவில்லை.

பீரங்கிப் படையின் வரலாற்றில் எந்த அணிவகுப்பிலும் வராத ஓர் இரவு இருக்கிறது. 1942 மே 8. இந்து சமுத்திரத்தில் கொக்கோஸ் தீவுகள். அங்கே ஹோர்ஸ்பரோ தீவில் கடலைப் பார்த்துப் பீரங்கிகளோடு நின்றது சிலோன் கரிசன் ஆர்ட்டிலரியின் ஒரு அணி. கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் சிலர் வெள்ளைக்கார அதிகாரிக்கு எதிராகக் கிளம்பினார்கள். கொடியாக மதிக்க வேண்டிய அந்தப் பீரங்கியையே திருப்பிப் பிடிக்கப் பார்த்தார்கள். பெர்னாண்டோவின் பிரென் துவக்கு இறுகிக்கொண்டது. சக வீரன் ஒருவன் செத்தான். கிளர்ச்சி அன்றிரவே அடங்கியது. ஓகஸ்ட் 5ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் பெர்னாண்டோவைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த சில நாட்களில் இன்னும் இரண்டு பேர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் கலகத்துக்காகத் தூக்கிலேறியவர்கள் இவர்கள் மூன்று பேர்தான். இரண்டு வருசம் கழித்து, 1944இல், மவுண்ட்பேட்டன் தன்னுடைய தென்கிழக்காசியக் கட்டளையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நாங்கள் பஸ்ஸில் தினமும் கடக்கிற இடம். காதலர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அதே புல்வெளிப் பக்கமெல்லாம் தளபதிமார் நடந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு உரிய வேட்டு ஒன்றும் உண்டு. கலகா வீதி எங்கள் வளாகத்துக்குள்ளாலேயே போகிறது. அதன் வழியே மலையேறிப் போனால் முதல் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரவும், ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டமும் வரும். 1940 ஜனவரியில் முல்லோயாவில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்லுவார்கள். எத்தனை வேட்டு, ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்று அங்கே யாரும் மரபு பார்க்கவில்லை. அம்மாச்சிக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும் என்பது பழைய பழக்கம்.

1949இல் துரைமாரின் படையைக் கலைத்தார்கள். அந்த வருசமே ஒக்டோபரில் சிலோன் ஆர்மி தொடங்கியது, பீரங்கிப் படை அதற்குள் போனது. முந்திய வருசத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்த எங்கள் ஆட்களுக்கு அதே 1949இல் வாக்குரிமையும் போனது. அந்த நேரத்துப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க 1915இல் இராணுவச் சட்டத்தின் கீழ் சிறையில் இருந்தவர். படை போனது, வோட்டுப் போனது, பெரட்டு மட்டும் போகவில்லை. எங்களில் ஒருவரின் அம்மா இன்றைக்குக் காலையிலும் பெரட்டுக்குப் போனார். இப்போது தப்பு இல்லை, சங்கு ஊதுகிறார்கள். வரிசையும் முன்னைப் போல இல்லை. பேர் மட்டும் இன்னும் போடுகிறார்கள், அரைப்பேரும் இருக்கிறது.

இந்த வருசம் புதுப் பச்சில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பெரஹரா பார்க்கப் போவதற்கு ஒரு வட்ஸ்அப் குழு போட்டிருக்கிறோம். எத்தனை மணிக்குப் பஸ், எங்கே பாய் விரிக்கலாம், எந்த இடத்தில் மலசலகூடம் இருக்கிறது எல்லாம் அதில் போட்டாயிற்று. கடைசியாக எங்கள் வன்னிக்காரி ஒரு குரல்பதிவு அனுப்பினாள். "துவங்க முதல் ஒரு பெரிய வெடி போகும். அது சும்மா வெடி, குண்டில்ல. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பரவாயில்ல. நான் பக்கத்துலதான் இருப்பன்."